பொறிக்குள் ஒரு பொறி

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபொழுது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ எழுதுதற்குரிய புலமை என்னிடம் இல்லையே என்று தயங்கினேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் பணிக்கு வந்தவன் நான். லோகோ ஷெட்டின் ஸ்டோர்ஸ் பிரிவில் உதிரி உறுப்புகளின் வரவு செலவுப் பேரேட்டை எழுதுவதே என் தொழில். "தெரிந்ததை எழுதுங்கள், காலனிக் குடும்பங்களுக்குப் பயன்பட்டால் போதும்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது, அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது, ஒன்று உண்டு. அஃது மோட்டார் காரின் எஞ்சினுக்குள் விரல் நீளத்தில் அமர்ந்திருக்கும் ஸ்பார்க் பிளக்கின் கதையும், அதனோடு இணைந்த ஒயரின் கதையும் ஆகும்.

இயந்திரத்தையும் பொறி என்கிறோம். தீத்துளியையும் பொறி என்கிறோம். பெட்ரோல் எஞ்சினைப் பொறுத்தவரை இவ்விரண்டு பொருளும் ஒன்றாகவே நிற்கின்றன. உள்ளே தீப்பொறி இல்லையேல், வெளியே நிற்கும் பெரும்பொறி வெறும் இரும்புக் குவியலே.

ஓர் இரவில் கற்ற பாடம்

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். நாக்பூரில் மூன்று நாட்களாக விடாத மழை. நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிப் பெரியவர் கதவைத் தட்டினார். பிரசவத்திற்காக வந்திருந்த அவர் மகளுக்கு வலி கண்டுவிட்டது. "தம்பி, வண்டியை எடுக்க முடியுமா?" என்று அவர் கேட்ட குரலில் நடுக்கம் இருந்தது. "இதோ வந்துவிட்டேன், அண்ணாச்சி" என்று சாவியோடு ஓடினேன்.

என்னிடம் இருந்தது 2012இல் இரண்டாம் கையாக வாங்கிய, கார்புரேட்டர் பூட்டிய பழைய சிறு கார். வாங்கிய நாள் முதல் நாற்பத்தையாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். எண்ணெய் மாற்றினேன், டயர் மாற்றினேன், பிளக்கையும் ஒயரையும் தொட்டதில்லை. புதுக் கார் வாங்கிய அலுவலக நண்பர் ஒருவர், "இக்காலத்துப் பிளக்குகள் லட்சம் கிலோமீட்டர் வரை ஓடும், கைவைக்கவே வேண்டாம்" என்று சொல்லியிருந்ததை வேதவாக்காகக் கொண்டிருந்தேன்.

வண்டி புறப்பட்டது. பாதி வழியில், தேங்கிய நீரைக் கடந்ததும், எஞ்சின் இருமத் தொடங்கியது. இழுக்க வலுவின்றித் திணறியது. பின்னர் நின்றே விட்டது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் உயிர் வரவில்லை. மழையில் நனைந்தபடி அண்ணாச்சி சாலையில் நின்று கையசைத்துக்கொண்டிருக்க, அவர் மகள் பின் இருக்கையில் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடங்களுக்குப் பின்னரே ஓர் ஆட்டோ ரிக்ஷா கிடைத்தது. தாயும் சேயும் நலமாகப் பிழைத்தது இறைவன் அருள். அக்குழந்தை இப்பொழுது நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் உயிரெழுத்துப் பழகி வருகிறாள். அவளைக் காணும்பொழுதெல்லாம் அந்த நாற்பது நிமிடங்கள் என் நெஞ்சில் வந்து நிற்கும்.

மறுநாள் மாலை, வயது முதிர்ந்த மிஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். எஞ்சினை மூடும் முகப்பைத் திறந்து, அதன் மேல் ஒரு பழந்துணியைப் போர்த்தி இருட்டாக்கி, ஒயர்களின் மேல் லேசாக நீர் தெளித்து, என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒயரின் மேலெல்லாம் நீல நிறத்தில் மின்மினிகள் போலப் பொறிகள் ஓடின. பிளக்கின் முனையில் பிறக்க வேண்டிய பொறி, வெடித்த ரப்பரின் வழியே வெளியே கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை தேய்ந்து, இடைவெளி ஏறத்தாழ இருமடங்காக விரிந்திருந்தது. "பாபுஜி, லட்சம் கிலோமீட்டர் என்று உமக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு பிளக், உம்முடைய வண்டியில் இருப்பது வேறு பிளக்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

ஒரே பெயருடைய ஒரு பொருள், ஒரு வண்டியில் இருபதாயிரத்திலும் இன்னொரு வண்டியில் ஒரு லட்சத்திலும் மாற்றத்தக்கதாக இருப்பது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபொழுதுதான், பிளக்கிற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றை அறியாதவன் அட்டவணையை அறிந்தும் பயனில்லை என்பதையும் உணர்ந்தேன்.

வோல்ட்டாவின் துப்பாக்கி

மோட்டார் கார் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே அதன் பொறி பிறந்துவிட்டது. இத்தாலி நாட்டு அறிஞர் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா, ஏரிச் சேற்றிலிருந்து எழும் எரிவாயுவை 1776ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவ்வாயுவையும் காற்றையும் ஒரு சிறு கலத்தில் அடைத்து, அதற்குள் மின்பொறியைப் பாய்ச்சி வெடிக்கச் செய்யும் ஒரு கருவியையும் அமைத்தார். அதற்கு வோல்ட்டாவின் துப்பாக்கி என்று பெயர். 1777இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில், கோமோ நகரிலிருந்து மிலான் நகர் வரை மரக்கம்பங்களின் மேல் கம்பி இழுத்து, இங்கிருந்தே மின்சாரம் அனுப்பி அங்குள்ள துப்பாக்கியை வெடிக்கச் செய்யலாம் என்று யோசனை கூறியிருக்கிறார். தந்திக் கம்பிகளோடு வாழ்ந்த ரயில்வே குடும்பத்தினராகிய நமக்கு இச்செய்தி மகிழ்வளிக்கும். தொலைவிலிருந்து கம்பி வழியே மின்சாரம் அனுப்பி ஒரு கலத்திற்குள் பொறி உண்டாக்குவதுதானே இன்றைய பிளக் ஒயரும் செய்யும் வேலை!

1807ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து நாட்டு ஐசக் டி ரிவாஸ் என்பார், ஹைட்ரஜன் வாயுவை மின்பொறியால் வெடிக்கச் செய்து ஓடும் ஒரு வண்டிக்கு உரிமை பெற்றார். அது நடைமுறைக்கு வரவில்லை. 1860இல் எத்தியேன் லெனுவார் பிரான்ஸில் அமைத்த வாயு எஞ்சினே, விற்பனைக்கு வந்து தொழிற்கூடங்களில் உழைத்தது. அதில் மின்கலமும், மின்சுருளும், பீங்கானால் காப்பிட்ட ஒரு பொறிமுனையும் இருந்தன. இன்றைய ஸ்பார்க் பிளக்கின் பாட்டன் அதுவே எனலாம்.

எனினும், மின்பொறி உடனே அரியணை ஏறிவிடவில்லை. 1876இல் நான்கு வீச்சு எஞ்சினை நிலைநாட்டிய நிக்கோலஸ் ஆட்டோ, முதலில் எரியும் சுடரையே உள்ளே செலுத்திப் பற்றவைத்தார். 1883இல் டைம்லரும் மேபாக்கும் வெளியே விளக்கால் சூடேற்றிய ஒரு குழாயைக் கொண்டு பற்றவைத்தனர். பெட்ரோலுக்கு அருகே எரியும் விளக்கு! வண்டி கவிழ்ந்தால் தீப்பிடிப்பது உறுதி. ஆயினும் அக்காலத்து மின்சார ஏற்பாடுகள் அதனினும் நம்பத்தகாதனவாக இருந்தமையால், பலர் நெருப்போடு விளையாடவே துணிந்தனர்.

பெர்த்தா அம்மையாரின் பயணம்

கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29ஆம் நாள் உரிமை கோரினார். மின்கலத்தாலும் சுருளாலும் பொறி உண்டாக்கும் முறையையே அவர் கைக்கொண்டார். பற்றவைத்தலையே எல்லாச் சிக்கல்களுக்கும் தலையாய சிக்கலாக அவர் கருதினார் என்பர்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவருடைய மனைவியார் பெர்த்தா அம்மையார், கணவருக்குச் சொல்லாமலே, தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாய் வீட்டிற்கு அவ்வண்டியிலேயே புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. மோட்டார் வண்டியில் அத்துணை நெடும்பயணம் அதுவரை எவரும் செய்ததில்லை. வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபொழுது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் என்றும், மின்கம்பியின் காப்புறை தேய்ந்து பொறி கசிந்தபொழுது தம் காலுறையைக் கட்டும் பட்டையை எடுத்து அதன் மேல் சுற்றினார் என்றும் சொல்லப்படுகிறது.

உலகின் முதல் நெடும்பயணத்திலேயே, நடுவழியில் வண்டியை நிறுத்தியவற்றுள் ஒன்று ஒயரின் கசிவு என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். நூற்று முப்பத்தோராண்டுகளுக்குப் பின்னர் நாக்பூர் மழையில் என்னை நிறுத்தியதும் அதுவே. அம்மையாருக்கு உடனே காரணம் விளங்கியது, எனக்கு விளங்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

மேக்னெட்டோவும் மைக்காவும்

ராபர்ட் பாஷ் என்பார் 1886இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். காந்தத்தைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோக் கருவியை 1887இல் நிலை எஞ்சினுக்கும், 1897இல் ஓடும் வண்டிக்கும் அவர் பொருத்தினார். 1898இல் நிக்கோலா டெஸ்லாவும் ஃபிரெடரிக் சிம்ஸும் பற்றவைப்பு முறைகளுக்குத் தனித்தனியே உரிமை பெற்றனர். 1902இல் பாஷின் பொறியாளர் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கியபொழுதுதான் வேகமாகச் சுழலும் எஞ்சின்களுக்கு உறுதியான பொறி கிடைத்தது.

1899இல் பாரிஸ் – ரூபே சைக்கிள் பந்தயத்தில் வென்ற பிரெஞ்சு வீரர் ஆல்பர்ட் சாம்பியன், அமெரிக்கா சென்று பிளக் வணிகத்தில் இறங்கினார். கூட்டாளிகளோடு பிரிவு நேர்ந்தமையால், சாம்பியன் என்னும் அவருடைய பெயர் பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டது. அவர் 1908இல் ஃபிளிண்ட் நகரில் தொடங்கிய தொழிலின் பிளக்குகள் பின்னாளில் அவர்தம் பெயரின் முதலெழுத்துகளான ஏ.சி. என்னும் பெயரால் விற்பனையாயின. தம் பெயருக்கே எதிராகப் போட்டியிட்ட வணிகர் அவர்!

1914இல் முதல் உலகப் போர் மூண்டபொழுது, ஆங்கிலேயர் தம் மேக்னெட்டோக்களுக்குப் பெரிதும் ஜெர்மனியையே நம்பியிருந்தமை வெளிப்பட்டது. பகைவரிடமிருந்தா பொறி வாங்குவது? அவசர அவசரமாகத் தம் நாட்டிலேயே அத்தொழிலைத் தொடங்கினர். விமான எஞ்சின்களின் கடும் வெப்பத்தில் பீங்கான் வெடித்தது. எனவே மைக்காத் தகடுகளை அடுக்கிக் காப்பிட்ட பிளக்குகள் மதிப்புப் பெற்றன. அக்காலத்தில் உலகிற்குத் தகட்டு மைக்காவை மிகுதியாக வழங்கியது நம் நாடே. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கோடர்மா, கிரிடி வட்டாரங்களும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவும் அதற்குப் பேர் பெற்றவை. அச்சுரங்கங்களில் ஆடவரும் பெண்டிரும் கையால் பிளந்தெடுத்த மைக்கா, கடல் கடந்து வானத்தில் பறந்தது. 1930களில் அலுமினா என்னும் சுட்ட அலுமினிய ஆக்ஸைடு வந்து பீங்கானையும் மைக்காவையும் அகற்றியது. இன்றும் பிளக்கின் வெண்ணிற உடல் அலுமினாவே.

கெட்டரிங் தந்த வரமும் சாபமும்

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்கலப் பற்றவைப்பு முறை, 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பேட்டரி, இக்னிஷன் காயில், திறந்து மூடும் பாயிண்ட், கண்டென்சர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிய இக்குடும்பம் ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் உலகை ஆண்டது. பாயிண்ட் திறந்தவுடன் காயிலில் ஓடிய மின்சாரம் அறுபட்டு, பன்னிரண்டு வோல்ட்டு பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து பிளக்கின் முனையில் பாயும்.

இம்முறையின் குறை என்னவெனில், பாயிண்ட் தேயத் தேயப் பொறி நலியும். எனவே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்து, பதினைந்தாயிரம் அல்லது இருபதாயிரம் கிலோமீட்டரில் புதிது மாற்றுவது வழக்கமாயிற்று.

பிளக்கின் ஆயுளைக் குறைத்த இன்னொரு காரணமும் கெட்டரிங்கின் ஆய்வுக் கூடத்திலிருந்தே வந்தது. எஞ்சினில் எழும் தட்டொலியை அடக்குவதற்கு, அவர் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி 1921இல் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கும் முறையைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் பிளக்கின் காப்பின்மேல் படிந்து, சூடேறியபொழுது மின்சாரத்தைக் கசியவிட்டது. பிளக்கிற்கு நேர்ந்த தீங்கு சிறிது. புகையாக வெளிவந்த ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கியதே பெருந்தீங்கு. அதை உலகம் முழுவதும் கைவிட 2021ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

ஒயரின் கதை

பிளக்கின் புகழில் பாதியேனும் அதன் ஒயருக்குக் கிடைத்ததில்லை. தொடக்கத்தில் அது ரப்பர் போர்த்த செம்புக் கம்பி. மேலே மெருகு பூசிய பருத்திப் பின்னல். உயர் அழுத்த மின்சாரம் பாயும்பொழுது ஒயரைச் சுற்றிலும் ஓசோன் வாயு உண்டாகும். அஃது ரப்பரைத் தின்று வெடிப்பை உண்டாக்கும். எஞ்சினின் சூடும் எண்ணெயும் அவ்வெடிப்பை வளர்க்கும். எனவே ஒயர் மூப்படைவது ஓட்டத்தால் மட்டுமன்று. ஓடாமல் நின்றாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது கெடும்.

காரில் ரேடியோ வந்தபின் இன்னொரு தொல்லை எழுந்தது. செம்பு ஒயர் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வானொலி நிலையம்போல் இரைச்சல் பரப்பியது. அதனை அடக்க 1950களில் செம்பிற்குப் பதிலாகக் கரி ஊட்டிய நூலை உள்ளே வைத்தனர். இரைச்சல் அடங்கியது, ஆனால் கரி நூல் மெல்லியது. ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. பின்னர் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் ரப்பர் உறை வந்தது.

1980களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனம், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயிலை நேரே அமர்த்தும் முறையைத் தன் கார்களில் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான புதுக் கார்களில் இம்முறையே. ஒயர் என்பதே இல்லை. வரலாற்றின் விந்தை யாதெனில், 1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் காரிலும் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மரப்பெட்டிக் காயில்கள் இருந்தன! சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தோம்.

நம் நாட்டுச் சாலைகளில்

விடுதலைக்குப் பின், 1951இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற மைக்கோ நிறுவனம் பிளக்குகளை நம் நாட்டிலேயே செய்தது. 1961இல் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தோன்றி, டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் ஸ்டார்ட்டரும் செய்யலாயிற்று. 1950களின் இறுதியில் வெளிவந்து 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பெற்ற அம்பாசடரும், பம்பாய் டாக்ஸியாகப் புகழ்பெற்று 2023 அக்டோபரில் அச்சாலைகளிலிருந்து விடைபெற்ற பத்மினியும் பாயிண்ட் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1983 டிசம்பரில் மாருதி வந்தது.

நம் காலனியில் அக்காலத்துக் கார் வைத்திருந்தோர் மிகச் சிலர். ஸ்கூட்டர் வைத்திருந்தோரே பலர். இரு வீச்சு எஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரிவதால் பிளக் அடிக்கடி கரிபிடிக்கும். என் தந்தையார் பிளக் ஸ்பானரும் உப்புத்தாளும் ஒரு பழைய பிளக்கும் எப்பொழுதும் ஸ்கூட்டர்ப் பெட்டியில் வைத்திருப்பார். அலுவலகம் செல்லும் வழியில் வண்டியைச் சாய்த்து நிமிர்த்தி, பிளக்கைத் தேய்த்து, உதைத்துக் கிளப்பும் காட்சியை நம்மில் யார்தான் மறக்க முடியும்? அந்தத் தலைமுறைக்குப் பிளக் என்பது வாரந்தோறும் முகம் காட்டும் உறவினர். நம் தலைமுறைக்கோ அது பெயர் மட்டும் தெரிந்த தூரத்து உறவினர்.

இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது? 1970களில் மேனாடுகளில் பாயிண்ட் நீங்கி எலெக்ட்ரானிக் பற்றவைப்பு வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும், புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைத் தூய்மை செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. கார்புரேட்டரின் இடத்தை, பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறை பிடித்தது. ஈயமும் இல்லை, மிகுகரியும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை. பிளக்கின் பகைவர் மூவரும் ஒருங்கே ஒழிந்தனர்.

எஞ்சியது தேய்மானம் ஒன்றே. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்திற்கு 1,500 முறை பொறிவிடும். அவ்வேகத்தில் வண்டி நிமிடத்திற்கு ஒரு கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், 20,000 கிலோமீட்டரில் 3 கோடிப் பொறிகள்! ஒவ்வொரு பொறியும் முனையில் அணுவளவு உலோகத்தைக் கொண்டுசெல்லும். நிக்கல் 1,455 பாகை செல்சியஸில் உருகும்; பிளாட்டினம் 1,768இல்; இரிடியம் 2,446இல். அதனால்தான் முனையில் பிளாட்டினமோ இரிடியமோ வைத்த பிளக்குகள் நீண்ட நாள் தேயாமல் நிற்கின்றன. முனை ஊசிபோல் மெலிதாக இருந்தால், இடிதாங்கியின் கூர்முனைபோல், குறைந்த அழுத்தத்திலேயே பொறி பாயும். ஜப்பானிய டென்ஸோ நிறுவனம் 1997இல் 0.4 மில்லிமீட்டர் பருமனே உள்ள இரிடிய முனையைக் கொண்டுவந்தது. என் நண்பர் சொன்ன லட்சம் கிலோமீட்டர் இவ்வகைக்கு உரியது. என் பழைய காரில் இருந்ததோ நிக்கல் முனை.

எப்பொழுது மாற்றுவது?

வரலாறு இதுவாக, நடைமுறை என்ன? வண்டியோடு தந்த கையேடே முதல் சான்று. அதில் உள்ள எண்ணை மீறற்க. கையேடு இல்லாத இரண்டாம் கை வண்டிக்காரர் பொதுவாகப் பின்வருமாறு கொள்ளலாம்.

பாயிண்ட் வைத்த பழங்கார்களுக்கு ஐயாயிரத்தில் துடைத்தலும் பதினைந்து இருபதாயிரத்தில் மாற்றுதலும் என்னும் பழைய விதியே இன்றும் விதி. எலெக்ட்ரானிக் பற்றவைப்புள்ள காரில் நிக்கல் பிளக் இருப்பின் இருபதாயிரம் முதல் நாற்பதாயிரத்திற்குள். பிளாட்டினமாயின் அறுபதாயிரத்திற்கு மேல். இரிடியமாயின் லட்சத்தை ஒட்டி. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. வாயுவில் ஓடும் வண்டிக்கு உயர்ந்த அழுத்தம் வேண்டியிருப்பதால், இவற்றினும் முன்னதாகவே மாற்றுதல் நலம். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே இல்லை. அங்கு காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். நம் டீசல் லோகோவும் அவ்வாறே.

ஒயர் உள்ள வண்டியாயின், ஆண்டுக்கொருமுறை மழைக்கு முன் அதனைப் பார்க்க வேண்டும். விறைத்துப் போயிருந்தாலோ, வளைத்தால் வெடிப்புத் தெரிந்தாலோ, வெண்பொடி பூத்திருந்தாலோ தயங்காது முழுத் தொகுதியையும் மாற்றுக. ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒயரை நம்பி நெடும்பயணம் புறப்பட வேண்டா. பிளக்கின் இடைவெளி விரிந்தால், அதைத் தாண்டுவதற்குக் காயில் மேலும் அழுத்தத்தை எழுப்பும். அவ்வழுத்தம் ஒயரின் நலிந்த இடத்தைத் தேடிப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஆகவே பிளக்கை மாற்றாதவன் ஒயரையும் காயிலையும் சேர்த்தே கெடுக்கிறான். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சென்று எரிந்து அதனையும் பாழாக்கும். சில நூறு ரூபாய்ச் சிக்கனம் பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக முடியும்.

மாற்றுவோர் கவனிக்க வேண்டியன சிலவே. எஞ்சின் ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்றுக. சூட்டில் திருகினால் அலுமினியத் தலையின் மரை கெடும். ஒயரை இழுக்காது, அதன் ரப்பர்த் தலையைப் பிடித்துத் திருகி எடுக்க. ஒன்றைக் கழற்றி மாற்றிப் பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுக. இல்லையேல் பற்றவைப்பு முறை மாறி வண்டி கிளம்பாது. புதுப் பிளக்கை முதலில் கையால் திருகி, பின்னரே ஸ்பானர் இடுக. இரிடிய முனையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாகாது. அது தந்தையார் காலத்துப் பழக்கம், இதற்குப் பொருந்தாது.

கழற்றிய பிளக்கை எறிந்துவிடாது ஒருகணம் பார்க்க வேண்டும். மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல் மிஸ்திரி பிளக்கின் முனையைப் பார்ப்பார். இளம்பழுப்பாயின் எஞ்சின் நலம். உலர்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. எண்ணெய்ப் பசையாயின் உள்ளே ரிங் தேய்வு. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகுவெப்பம்.

முடிவுரை

எங்கள் ஷெட்டில் ஓர் எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்பதற்காக எவரும் அதனை விட்டுவிடுவதில்லை. அட்டவணை நாள் வந்தால், ஓடிக்கொண்டிருப்பதையும் நிறுத்தித் திறந்து பார்ப்போம். மாற்ற வேண்டியதை மாற்றுவோம். அந்த அட்டவணையை நாள்தோறும் என் கையால் எழுதி வந்த நான், என் வீட்டு வாசலில் நின்ற சொந்த வண்டிக்கு அட்டவணை எழுதவில்லை. அதற்கு விலையாக நாற்பது நிமிடம் பிறர் வீட்டுப் பெண் வலியில் துடித்தாள். இப்பொழுது என் காரின் டாஷ்போர்டுக்குள் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பிளக் மாற்றிய நாள், கிலோமீட்டர், முனையின் வகை, ஒயர் மாற்றிய ஆண்டு ஆகிய நான்கே பத்திகள். காலனி அன்பர்களும் அங்ஙனம் ஒன்று வைத்துக்கொள்வார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தவனாவேன்.

கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் பல, நாக்பூரிலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஐதராபாத், பெங்களூர், சேலம் கடந்து மதுரை வரை காரிலேயே செல்கின்றன. ஊரில் காத்திருக்கும் பெற்றோர் வாசலில் விளக்கேற்றி வைத்திருப்பர். புறப்படும் முன் அந்த நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நம் கடமை.

மின்கார்கள் பெருகி வரும் காலம் இது. அவற்றிற்குப் பிளக்கும் இல்லை, ஒயரும் இல்லை. துப்பாக்கிக்குள் பொறியை வைத்த அதே வோல்ட்டாதான் 1800ஆம் ஆண்டில் முதல் மின்கலத்தையும் உலகிற்கு அளித்தார். அவர் பெற்ற மூத்த பிள்ளை பொறி. இளைய பிள்ளை பேட்டரி. இதுகாறும் மூத்தவன் வண்டியை இழுத்தான். இனி இளையவன் இழுக்கப்போகிறான். அதுவரையில் மூத்தவனைப் பட்டினி போடாது காப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!